டீ குடித்துவிட்டு வந்து பார்த்த கொக்கி

கட்டுக்காரர் எங்கே என்று அந்தப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். வலது கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டீ கிளாஸும் இன்னொரு கையில் பன்னுமாக வெயிலில் நிற்கிற மனுஷன் வேறு யார்? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஐயோ பாவம், கண்ணில் என்ன அடியோ என்று உச்சுக் கொட்டுவார்கள். பழைய ஆட்கள் சிரிப்பார்கள். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் படாமல் அதைப் பொத்திவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லாம் குகையால் வந்தது. பட்டறையின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறைக்குத்தான் அந்தப் பெயர். நாலு சுவரும் கறுப்பு, கதவுக்கு உள்ளே இரட்டைத் திரை, ஒரு மேஜை, ரெண்டு ஸ்டூல், ஓர் ஊதா விளக்கு. பட்டறையில் செய்கிற இரும்புச் சாமான்களை ஒரு சாயத்தில் முக்கி, கழுவி, துடைத்து, மேலே மாவு தூவி அங்கே கொண்டுவருவார்கள். இரும்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் சாயம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒரு கோடு மினுங்கும். மினுங்கினால் சிவப்புச் சீட்டு, இல்லையென்றால் பச்சைச் சீட்டு. சீட்டில் நேரமும் எழுதி, பார்த்தவர் கையெழுத்தும் போட வேண்டும்.

ஆனால் வெயிலிலிருந்து உள்ளே போனவுடன் யாருக்கு என்ன தெரியும்? மேஜையே தெரியாது. கண் இருட்டுக்குப் பழகுகிறவரை பத்து நிமிஷமாவது சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. மெல்லிசுக் கோடு தெரிய அதற்கு மேலும் ஆகும். கட்டுக்காரருக்குச் சும்மா உட்காருவது என்றால் வேப்பங்காய். அதனால்தான் இந்த வித்தையைக் கண்டுபிடித்தார். வெளியே போகும்போது வலது கண்ணைக் கட்டிவிடுவார். திரும்பி உள்ளே வந்து கட்டை அவிழ்த்தால், இடது கண் குருடாகத் தடுமாறிக்கொண்டிருக்கும். வலது கண்ணோ குகையை விட்டு வெளியே போகாத கண், உட்கார்ந்த அடுத்த நிமிஷமே வேலை பார்க்கும்.

"ஒரு கண்ணு ஊர் சுத்தட்டும், ஒரு கண்ணு வீட்டுல இருக்கட்டும்" என்பார். சூபர்வைசருக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். அவர் எதற்கெடுத்தாலும் அவசரம் அவசரம் என்கிறவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே அவசரம் என்றாகிவிட்டது. ஒரு நாளைக்கு ரெண்டு டீ, ஒரு சாப்பாடு. மூன்று தடவையும் பத்து நிமிஷம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிற ஆளை யாருக்குத்தான் பிடிக்காது?

கட்டுக்காரரின் மனைவிக்கும் அதே குகையில்தான் வேலை. பட்டறை முழுக்க அவளுக்குக் குகையக்கா என்று பெயர். பதினாலு வருஷமாக ஒரு நாள்கூட அவள் கண்ணைக் கட்டிக்கொண்டதில்லை. உள்ளே போவாள், ஸ்டூலில் உட்காருவாள், விளக்கைப் போடாமல் பத்து நிமிஷம் பேசாமல் இருப்பாள்.

"என்ன, தியானமா?" என்பார் அவர், திரைக்கு வெளியே நின்று.

"ஆமா. சம்பளம் வாங்கிட்டு ரெஸ்ட் எடுக்குறேன். உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

"எரியல. ஊர்ல எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாங்க, நீ இருட்டுல தூங்குற. வித்தியாசம் அவ்வளவுதான்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

மூன்று வாரமாகக் கொக்கி வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பூங்காவில் சங்கிலியில் தொங்கிக்கொண்டு சுற்றுகிற நாற்காலி ராட்டினம் போடுகிறார்களாம். ஒவ்வொரு நாற்காலியும் இந்தக் கொக்கியில்தான் தொங்கும். உள்ளங்கை அகலம்தான். கட்டுக்காரர் பார்த்து முடித்ததில் பத்துக்கு ஒன்றை எடுத்து அக்கா மறுபடி பார்க்க வேண்டும். அது வழக்கமான மறுபார்வை. வருஷக் கணக்கில் ஒரு தடவைகூட ரெண்டு பேர் முடிவும் மாறியதில்லை. அக்கா அன்றைக்குச் சாயங்காலம் கைக்கு வந்த ஒன்றை எடுத்து விளக்கில் காட்டினாள். கொக்கி வளைகிற உள்பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு. முடி ஒன்று ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. திருப்பினாள், சாய்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள். கோடு அங்கேயே இருந்தது.

சீட்டு பச்சை. நேரம் பதினொன்று மூன்று. கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

மறுபார்வையில் முடிவு மாறினால் சிவப்புச் சீட்டு எழுதி அவசரத்திடம் கொடுக்க வேண்டும். முதலில் பார்த்தவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரெண்டு கண்ணும் தேறினால்தான் குகைக்குள் விடுவார்கள். பத்தொன்பது வருஷம் இருந்த ஆளை, கட்டின பெண்டாட்டியே சீட்டுக் கிழித்து வெளியே அனுப்புவதா? எழுதாமல் விட்டால், யார் பெற்ற பிள்ளையோ அந்த நாற்காலியில் உட்காரும். அதை விட முடியாது. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு லாரி வருகிறது. அதற்குள் இந்தச் சீட்டை அவர் கையாலேயே எழுதவைக்க வேண்டும். அவள் எழுதினால் அது தண்டனையாகிவிடும், அவர் எழுதினால் அது அவருடைய வேலையாகவே இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

கொக்கியில் மஞ்சள் சீட்டைக் கட்டி, 'மறுபடி கழுவ வேண்டும்' என்று எழுதித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பதினாலு வருஷத்தில் சீட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அசட்டையாகப் பார்க்கிற ஆளா அவர்? சட்டையில் ஒரு பொத்தான் ஆடினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அப்படியென்றால் கண்ணா? ஆனால் பஸ் நம்பரை அவளுக்கு முன்னால் அவர்தான் படித்தார். பேப்பரில் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். போன வாரம் கரண்டு போனபோது மட்டும் ஸ்டூலில் மோதிக்கொண்டு ஸ்டூலைத் திட்டினார். கட்டுக்காரருக்கு இருட்டில் மோதல் ஏது? அன்றைக்கு அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்க வித்தையை நானும் ஒரு நாள் செஞ்சு பாக்குறேனே."

அவருக்கு முகம் மலர்ந்துபோனது. "பதினாலு வருஷம் கழிச்சு புத்தி வந்துச்சே, அதைச் சொல்லு!"

"பந்தயம். ரெண்டு பேரும் வலது கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் இருக்கணும். அப்புறம் பொண்ணு ரூம்ல திரையை இழுத்துவிட்டு, மேல இருக்குற நட்சத்திரத்தை எண்ணணும். தோத்தவங்க ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்."

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு எட்டு வயசில் இருட்டு என்றால் பயம். அப்போது இவர்தான் நாற்காலி மேல் ஏறி நின்று, இருட்டில் மினுங்குகிற நட்சத்திர ஸ்டிக்கரைக் கூரையெல்லாம் ஒட்டினார். அந்த அறையை அவள் போன பிறகும் அப்படியே வைத்திருந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கண்ணை மூடினால் தூரம் பிடிபடாது என்பது அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். கதவுக் கைப்பிடி என்று நினைத்துக் காற்றைப் பிடித்தாள். ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று கட்டுக்காரர் வீம்புக்கு உட்கார்ந்தார். நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. "உங்களுக்குப் பழக்கம்னீங்களே?" என்றாள். "டீ குடிக்கத்தான் பழக்கம். தையல் வேலை யாரு பாத்தா?" என்றார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பை முதலில் நிறுத்தியது அவள்தான். இந்தப் பந்தயத்தில் ஒரு கள்ளத்தனம் இருந்தது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வெயில் சுள்ளென்று அடிக்கிற சமையலறை ஜன்னல் பக்கம் கடைசியாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மகளின் அறைக்குள் போய்க் கதவை அடைத்தார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். "ம், அவிழ்" என்றார் அவர்.

அக்கா கட்டை அவிழ்த்தாள். அடேயப்பா! இடது கண்ணில் வெறும் கறுப்பு, ஒரு திரைச்சீலை விளிம்புகூட இல்லை. வலது கண்ணில் கூரை முழுக்க நட்சத்திரம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால், அறை விளக்கைப் போட்டு அணைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு வருஷம் கேலி பண்ணிவிட்டோமே, மனுஷன் சும்மா சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நிதானமாக எண்ணினாள். இருபத்தி நாலு.

"முப்பத்தி ஒண்ணு" என்றார் அவர், பட்டென்று. "எல்லாம் பளிச்சுனு இருக்கு. உனக்கு எத்தனை?"

அக்கா மறுபடி எண்ணினாள். இருபத்தி நாலுதான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஒட்டடை அடித்தபோது ஏழு நட்சத்திரம் கீழே விழுந்துவிட்டன. பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவைத்திருந்தாள். அவரிடம் சொல்லவில்லை, சொல்லும்படியான விஷயமா அது? முப்பத்தி ஒன்று என்பது அவர் ஒட்டிய கணக்கு. அவர் கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை, ஞாபகத்திலிருந்து சொல்கிறார்.

"என்ன, பேச்சையே காணோம்? தோத்துட்டியா?"

"கொஞ்ச நேரம் இப்படியே படுத்திருப்போம்ங்க" என்றாள்.

கோபம் வந்தது அவளுக்கு. என்னிடம் ஏன் பொய், இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் எதற்கு என்று கேட்டுவிடலாம் போலிருந்தது. அதற்கு மேலாகப் பயம். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும், பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவளுடைய இடது கண்ணிலும் ஒன்றிரண்டாக நட்சத்திரம் எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. முதலில் பெரியது, அப்புறம் சின்னது. அப்படியானால் அவருக்கும் இந்நேரம் இடது கண் விழித்திருக்கும்.

அவர் கை லேசாக இறுகியது. தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்புவது தலையணையில் தெரிந்தது. உள்ளங்கையால் வலது கண்ணை மூடினார். எடுத்தார். இடது கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ஏழு இல்ல" என்றார் கடைசியில். குரலே மாறிவிட்டது. "ஜன்னல் பக்கம் நாலு, மூலையில மூணு. அங்க நான் ஒட்டியிருந்தேன்."

"ஒட்டடை அடிக்கும்போது விழுந்துச்சு. டப்பால எடுத்து வச்சிருக்கேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமாங்க."

"என்னையே சோதிச்சியா?"

"சோதிச்சேன். பயமா இருந்துச்சு, சோதிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றவள், கொக்கியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். உள்பக்கக் கோடு, பச்சைச் சீட்டு, பூட்டின பெட்டி, எழுதின பொய், எதையும் மறைக்கவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சீட்டுல மணி எத்தனை?"

"பதினொன்னு மூணு."

"டீ குடிச்சிட்டு வந்து பாத்தது" என்றார். "வலது கண்ணுல பனி மாதிரி ஒண்ணு இருக்குடி. கொக்கி வேலை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. வெளியில தெரியல. குகைக்குள்ளயும் கொஞ்ச நேரம் ஆனா சரியாயிடுது. விளக்குலதான் கோளாறுன்னு ரெண்டு தடவை மாத்தச் சொன்னேன். சரியானது விளக்கு இல்ல, இடது கண்ணு எழுந்து வந்திருக்கு. இது எனக்கு இப்பத்தான் விளங்குது."

அக்காவுக்கும் அப்போதுதான் முழுசாக விளங்கியது. கட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவரும் எல்லாரையும் போலக் கண் பழகும்வரை உட்கார்ந்திருப்பார். இடது கண் வந்து கோட்டைப் பார்த்திருக்கும். கட்டு இருந்ததால் உட்காரவில்லை. டீக்குப் பிறகும் சாப்பாட்டுக்குப் பிறகும் முதல் கால் மணி நேரம், இருக்கிற ரெண்டு கண்ணில் மங்கின கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நிஜமாயிடும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைங்க உக்கார்ற நாற்காலி" என்றார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கே அதிசயம். கட்டுக்காரர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்தார். அக்காவோடு குகைக்குள் போனார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தியானம் என்று கேலி பண்ணின அதே வேலையைக் கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் பண்ணினார். பிறகு வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, "கொடு" என்றார். கொக்கியை விளக்கில் காட்டி ஒரு முறைதான் திருப்பினார்.

"இருக்கு" என்றார். மஞ்சள் சீட்டை அவிழ்த்துச் சிவப்புச் சீட்டைத் தானே எழுதினார். நேரம் போட்டார். கையெழுத்துப் போட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டில் அவள் அழுதது யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவசரம் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அண்ணே, பத்து மணிக்கு லாரிண்ணே! ஒண்ணே ஒண்ணுதானே? அதை மட்டும் எடுத்துட்டு மத்ததை ஏத்திடலாம்ணே."

"லாரி நிக்கட்டும்" என்றார் கட்டுக்காரர். "மூணு வாரத்துச் சீட்டையும் எடு. பதினொன்னுலேர்ந்து பதினொன்னே கால், ஒண்ணரைலேர்ந்து ஒண்ணே முக்கால், நாலுலேர்ந்து நாலே கால். நான் பச்சை போட்டது அத்தனையும் தனியா வை. மறுபடி சாயத்துல முக்கி, அக்கா பாக்கட்டும். அதுக்கு முன்னாடி மாசம் போன சாமானுக்கும் கடிதம் எழுது, திருப்பிப் பாக்கச் சொல்லி. அப்புறம் என்னைக் கண்ணு டெஸ்ட்டுக்கு அனுப்பு."

"அண்ணே, டெஸ்ட்டுக்குப் போனா உங்களை உள்ள விட மாட்டாங்க."

"தெரியும்டா."

அவசரம் அன்றைக்கு முதல் தடவையாக அவசரப்படவில்லை. சீட்டுக் கட்டை எடுத்துவந்து தானே உட்கார்ந்து பிரித்தார். அந்த நேரங்களில் பச்சை போட்டது எழுபத்தி நாலு கொக்கி.

கட்டுக்காரர் சாயத்தில் முக்கி, கழுவி, துடைத்து, மாவு தூவித் தட்டில் வைத்து அனுப்பினார். அக்கா உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டு முடிந்து திரையை விலக்கும்போதும் அவர் முகத்தில் ஒரே கேள்விதான். அக்கா தலையை ஆட்டுவாள், இல்லை என்று. அறுபது தாண்டியது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அவளுக்கே தெம்பு வந்துவிட்டது. அறுபத்தி எட்டாவது கொக்கியில், அதே வளைவில், அதே பச்சைக் கோடு.

இல்லை என்று சொல்லிவிட மாட்டோமா என்று ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. திரையை விலக்கிக் கொக்கியை நீட்டினாள். "இருக்குங்க" என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, சிவப்புச் சீட்டை அதிலும் கட்டினார். "நல்லவேளை" என்றார். மிச்சம் ஆறையும் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார். லாரி மறுநாள்தான் போனது.

டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாம், ஆனால் அதற்குப் பிறகு குகைக்குத் தேறுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அதுவரைக்கும் கட்டுக்காரருக்குக் கழுவுகிற தொட்டியில் வேலை. வெளிச்சமான இடம், பெரிய ஜன்னல், யார் வந்தாலும் போனாலும் தெரியும். பேச்சுத் துணைக்குக் குறைவில்லை என்று வீட்டில் சொன்னார். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் டீ மணி அடித்தது. அக்கா குகையிலிருந்து வெளியே வந்தாள். கட்டுக்காரர் தொட்டியை விட்டு எழுந்து, கையைத் துடைத்து, பாக்கெட்டிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து வலது கண்ணில் கட்டிக்கொண்டு நடந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம். நாலு எட்டு வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நின்றுவிட்டார். டீக்காக நின்றிருந்த யாரும் சிரிக்கவில்லை.

அவரே சிரித்தார். "யாருக்காகக் கட்டிட்டுப் போறேன் பாரு" என்றார். துணியை அவிழ்த்து உதறினார். அக்கா பக்கத்தில் வந்து, "வலது கண்ணைக் காட்டு" என்றார்.

"எனக்கு எதுக்குங்க?"

"காட்டுன்னா காட்டேன். ஆயிரம் கேள்வி."

துணியை அவள் வலது கண்ணில் வைத்து, பின்னால் முடி சிக்காமல் விரலால் ஒதுக்கி, முடிச்சுப் போட்டார். இறுக்கமா என்று கேட்டார். இல்லை என்றாள். "ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. மாத்தி மாத்திக் கட்டணும். நான் பண்ணாத வேலை அது" என்றார். அப்புறம் அவள் கையைப் பிடித்து, மேடு பள்ளம் சொல்லி, டீ குடிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கிளாஸைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தாள். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொடுத்தார்.

டீ முடிந்து அக்கா குகைக்குள் போனாள். கட்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்தாள். விளக்கைப் போட்டுக் கொக்கியைக் காட்டினாள். வலது கண்ணில் கொக்கி அப்போதே துல்லியமாகத் தெரிந்தது. துணியின் நூல் பிசிறு ஒன்று அதில் ஒட்டி மினுங்கியதுகூடத் தெரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அவள் விளக்கை அணைத்தாள். கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணும் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்தாள். திரைக்கு வெளியே அவர் தொட்டியில் அடுத்த தட்டைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.